மூன்றாம் ஓலை

சாயர்புரம்
20 ஜனவரி 2025, திங்கள்

அன்புள்ள ரோஸ் அக்காவுக்கு,

நீ என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய். அம்மா போன் போட்டால் "அவ பக்கத்துல இருக்காளா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாயாம். அதனால் தபால் ஆபீசுக்குப் போய் கவர் வாங்கினேன். கவுண்டரில் இருந்த அண்ணாச்சி, "என்னம்மா, வேலைக்கு அப்ளிகேஷனா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். நேற்றிலிருந்து வாயைத் திறக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்று சர்ச்சில் நீ என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். ஆனாலும் நடந்ததில் பாதி உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

காலேஜில் நாடக வகுப்பு எடுத்திருக்கிறேன் அல்லவா, அதில் சங்கரபாண்டியன் சார் எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். ஏதாவது பொது இடத்தில் சின்னதாக ஒரு நாடகம் போட வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது நாடகம் என்றே தெரியக் கூடாது. அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்கு மூன்று விதி. சொந்தக்காரர்களை வைத்துச் செய்யக் கூடாது. கோயில், சர்ச், பள்ளிவாசல், ஆஸ்பத்திரி பக்கமே போகக் கூடாது. பத்து நிமிடத்துக்குள் "இது நாடகம்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி முடித்துவிட வேண்டும்.

நானும் பகவதியும் தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டில் செய்வதாக இருந்தோம். அவள் டவுன் பஸ்ஸைவிட்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடிப்பாள், நான் கண்டக்டருக்காகப் பேசுவேன். வசனமெல்லாம் பேசிப் பார்த்தாகிவிட்டது. சனிக்கிழமை அவளுக்கு அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை கட்டிவிட்டார்கள். திங்கட்கிழமை கொடுக்காவிட்டால் மார்க் கிடையாது. இந்தக் கவலையோடுதான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது குருவானவர் உன் கல்யாணத்துக்கு மூன்றாம் ஓலை வாசித்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை சபையில் அறிவித்து, யாருக்காவது தடை உண்டா என்று கேட்காமல் நம் சர்ச்சில் யாருக்கும் கல்யாணம் நடக்காது. கேட்பாரே தவிர, ஒருவர்கூட வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் எல்லோரும் புத்தகத்தில் அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருப்பார்கள். நானும் தேடிக்கொண்டுதான் இருந்தேன்.

"தடை உண்டு ஐயா" என்று ஒரு குரல் கேட்டது. பார்த்தால் நான் நின்றுகொண்டிருக்கிறேன்.

குருவானவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்ன தடைம்மா?" என்றார். இது நாடகம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. வரவில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ, "ஏலே, அது யாரு, ஜேசுபாதம் மவளா?" என்றார்கள். அப்பா எழுந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் இருந்த கொஞ்சநஞ்சக் குரலும் போய்விட்டது. குருவானவர் "ஆராதனை முடிஞ்சு பேசுவோம்" என்று ஓலையை மடித்து வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் உனக்குத் தெரியும். நீ மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் பெட்டியை எடுத்துக்கொண்டு தூத்துக்குடி ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய்.

அக்கா, நான் வேண்டுமென்று செய்யவில்லை. விளையாட்டுக்கும் செய்யவில்லை. அப்படியானால் என்னதான் செய்தேன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. திட்டுவதாக இருந்தாலும் எழுது.

உன் தங்கை
இன்பமணி

தூத்துக்குடி
23 ஜனவரி, வியாழன்

இன்பா,

உன் கடிதத்தில் மன்னிப்பு என்ற வார்த்தை எங்கேயாவது இருக்கிறதா என்று இரண்டு தடவை படித்தேன். உன் மார்க், உன் பகவதி, உன் சார். கல்யாணம் யாருக்கு?

பிப்ரவரி ஐந்தாம் தேதி கல்யாணம். பத்திரிகை கொடுத்து முடித்தாகிவிட்டது. குருவானவர் அப்பாவிடம் என்ன சொல்லியிருக்கிறார் தெரியுமா? எழுந்து நின்றவள் தடை இன்னதென்று சொல்ல வேண்டும், அல்லது தடையில்லை என்று தன் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டில் ஒன்று வராமல் மூன்றாம் ஓலையை வாசிக்கமாட்டார். இரண்டாம் தேதி ஞாயிறுக்குள் வாசிக்காவிட்டால் ஐந்தாம் தேதி கல்யாணம் கிடையாது. ஒரு வரி எழுதிக் கொடுக்க உனக்கு இத்தனை நாளா? அப்பா கேட்டதற்கு, "எனக்கே தெரியல, தெரிஞ்சதும் எழுதுதேன்" என்றாயாம். இது என்ன பதில்?

மாப்பிள்ளையின் சபை நாசரேத். அங்கே அதே ஞாயிறு மூன்றாம் ஓலை வாசித்து முடித்துவிட்டார்கள். அங்கே ஒருவருக்கும் தடையில்லை. தடை இருப்பது என் கூடப் பிறந்தவளுக்கு மட்டும்தான்.

ஊர் என்ன பேசுகிறது என்பது உன் காதுக்கு வந்ததா? தங்கச்சிக்கு மாப்பிள்ளை மேல் ஒரு கண்ணாம், அதுதான் எழுந்துவிட்டாளாம். அம்மா என்னிடம் இதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள், பாதியில் அழுதுவிட்டாள். நானும் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். நீ ஷாமை விரும்புகிறாயா? ஆமாம் என்றாலும் சொல், இல்லை என்றாலும் சொல். மூன்று நாளாக இது என் தலைக்குள் ஓடுகிறது. முத்துச்சிப்பிப் பண்ணையில் வேலையிலும் கவனமில்லை. சிப்பிக் குஞ்சுகளுக்குக் காலையில் தீனி போட்டேனா இல்லையா என்று மறந்துபோய் மறுபடியும் போட்டிருக்கிறேன். பெரிய சார் ஒன்றும் சொல்லவில்லை. இந்த மாதத்தோடு வேலையை விட்டுப் போகிறவள்தானே என்று நினைத்திருப்பார்.

இன்னொன்று. நீ எழுந்ததும் நான் உன் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன், உட்காரச் சொல்லி. அப்போதே உட்கார்ந்திருந்தால் காது சரியாகக் கேட்காதவர்கள் பாட்டு நம்பர் சொல்கிறாய் என்று நினைத்திருப்பார்கள். உட்காரவில்லையே நீ.

ரோஸ்

சாயர்புரம்
25 ஜனவரி, சனி

அன்புள்ள அக்கா,

மன்னித்துவிடு, மன்னித்துவிடு, மன்னித்துவிடு. எண்ணிக்கொள்.

ஷாமையா? அந்த மீசையையா? அவர் போன தடவை வந்தபோது காபிக்கு ஊதி ஊதி மீசையில் ஆடை ஒட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து நான் கொல்லைப்பக்கம் ஓடிப் போய்ச் சிரித்தேன். நீயும்தான் பின்னாலேயே வந்தாய். ஊர் சொல்லட்டும், நீயுமா அக்கா? இல்லை. ஆயிரம் தடவை இல்லை. அவர் நல்லவர். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அதுவே என் குழப்பத்துக்குக் காரணம். குறை ஏதாவது தெரிந்திருந்தால் அதைத் தடை என்று எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன்.

சங்கரபாண்டியன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "நீ நடிச்சியா, நெசமாவே சொன்னியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு. நடிச்சேன்னா மூணு விதியையும் மீறியிருக்க, முட்ட மார்க். நெசமா சொன்னேன்னா நாடக வகுப்புல அதுக்கு மார்க் கெடையாது" என்றார். எப்படிப் பார்த்தாலும் முட்டைதான், பிறகு எதற்கு சார் கேட்கிறீர்கள் என்றேன். "எனக்கு இல்லளா, ஒனக்குத் தெரிய வேண்டாமா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதிலிருந்து இன்னும் மோசம்.

துப்பட்டா விஷயத்துக்கு வருகிறேன். நீ இழுக்கவில்லை அக்கா.

அன்றைக்கு நான் போட்டிருந்தது ஊதாத் துப்பட்டா, தோளில் ஊக்குக் குத்தியிருந்தேன். ஊக்கு குத்திய இடத்தில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. ஒருவேளை அது கெட்டித் துணியோ என்று, நுனியைப் பீரோ கைப்பிடியில் கட்டிவிட்டு நான் எழுந்து பார்த்தேன். டர்ரென்று கிழிந்துவிட்டது. அம்மா இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள். ஆக, நீ இழுத்திருந்தால் அது அன்றைக்கே கிழிந்திருக்கும். நீ பிடித்தாய். பிடித்துக்கொண்டே இருந்தாய். அந்தப் பிடி எனக்கு முதுகில் தெரிந்தது. இது நாடகம் என்று சொல்ல வாயைத் திறந்தபோது அந்தப் பிடி இன்னும் இறுகியது. அதனால்தான் எனக்கு வார்த்தை வரவில்லையோ என்று இப்போது தோன்றுகிறது. சரியா, நானாகக் கதை கட்டுகிறேனா என்று நீதான் சொல்ல வேண்டும்.

இன்னும் ஒன்று கேட்கட்டுமா? கல்யாணப் பட்டு எடுக்கப் போனபோது கடைக்காரர் எதை விரித்தாலும் நீ "சரி" என்றாய். பச்சைக்கும் சரி, மஞ்சளுக்கும் சரி, அம்மா எடுத்த அந்த அழுக்கு ரோஸ் கலருக்கும் சரி. கிறிஸ்துமஸ் துணிக்கு என்னோடு முடியைப் பிடித்துச் சண்டை போட்ட அக்காவா இது என்று அன்றைக்கு நினைத்தேன். நினைத்துவிட்டு மறந்தும் போனேன். ஞாயிற்றுக்கிழமை அது எங்கிருந்தோ திரும்பி வந்ததோ என்னவோ.

இன்பா

தூத்துக்குடி
28 ஜனவரி, செவ்வாய்

இன்பா,

பீரோவில் கட்டி இழுத்ததை எல்லாம் சோதனை என்று சொல்லாதே. பீரோ நகராது. என் கை நகரும். இரண்டும் ஒன்றாகாது. நான் இழுத்தேன் என்று எழுதினால் இழுத்தேன்தான்.

நேற்று ஷாம் ஹாஸ்டலுக்கு வந்தார். விசிட்டர் ரூமில் வார்டன் இரண்டு நாற்காலியை எதிரெதிரே போட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். கோபமாக வருவார் என்று நினைத்திருந்தேன். மஸ்கோத் அல்வா வாங்கிக்கொண்டு வந்திருந்தார். உட்கார்ந்து நெடுநேரம் விசிறியையே பார்த்தார். பிறகு, "நாசரேத்துல யாருக்கும் தடை இல்ல. இங்கன மட்டும் என்ன தடைன்னு எனக்கும் தெரியணும்லா?" என்றார்.

தங்கச்சி விளையாட்டுப் பிள்ளை, காலேஜில் நாடகம், ஏதோ பயிற்சி என்று எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "அது அவளுக்கு. ஒங்களுக்கு ஏதாச்சும் இருக்கா?" என்றார்.

இன்பா, பெண் பார்க்க வந்ததிலிருந்து இந்தக் கேள்வியை என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. அப்பா கேட்கவில்லை, அம்மா கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. ஓலையில்கூட சபையில் இருக்கிற எல்லோரையும் கேட்கிறார்கள், பெண்ணைக் கேட்பதில்லை. கேட்டவுடன் நான் "அல்வா சாப்பிடுங்க" என்றேன். அவர் வாங்கி வந்த அல்வாவை அவரிடமே.

பிறகு பேச்சு காண்ட்லாவுக்குப் போனது. அவருக்குக் குஜராத்தில் அந்தத் துறைமுகத்துக்கு மாற்றல், கல்யாணமான கையோடு போக வேண்டும். "வேலைய விட்டுட்டு வர ஒங்களுக்குச் சம்மதம்னு சொன்னீங்கல்லா?" என்றார். யாரிடம் சொன்னேன் என்று கேட்டேன். "அப்பா சொன்னாங்களே" என்றார். அப்பாவிடம் நான் எப்போது சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒருநாள் தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "காண்ட்லா பெரிய ஊரு, அங்கன போய் வேற வேல பாத்துக்கலாம்லா" என்றார் அப்பா. நான் சட்னி போடுங்க என்று அம்மாவிடம் தட்டை நீட்டினேன். அதுதான் என் சம்மதம்.

அதற்காக இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று நீ எடுத்துக்கொள்ளாதே. வேண்டாம் என்று எனக்குத் தோன்றவில்லை. வேண்டும் என்றும் தோன்றவில்லை. இருபத்தாறு வயதில் இது ஒரு வெட்கக்கேடு. வேலைக்கு வந்தால் மட்டும் எல்லாம் தெளிவாக இருக்கிறது. இந்த வாரம் குஞ்சுகள் நீச்சலை விட்டுவிட்டு ஒட்ட ஆரம்பிக்கிற சமயம். தொட்டித் தண்ணீர் சூடு ஏறினாலோ உப்பு கூடினாலோ அத்தனையும் போய்விடும். முத்துச்சிப்பி எப்போது ஒட்டும், எப்போது மக்கர் பண்ணும் என்று எனக்குத் தெரியும். முப்பத்தொன்றாம் தேதி இதை இன்னொருத்தியிடம் கொடுக்க வேண்டும். அவளுக்குச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தால் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வருகிறது. பாவம், அவள் என்ன செய்வாள்.

எல்லாவற்றையும் கலைத்துவிட்டுவிட்டாய் நீ. சும்மா இருந்திருந்தால் இந்நேரம் மருதாணிக்கு நாள் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் கடிதத்தை எழுதிக் குருவானவரிடம் கொடு. முடித்துவிடலாம்.

ரோஸ்

சாயர்புரம்
30 ஜனவரி, வியாழன்

அன்புள்ள அக்கா,

எழுதிவிட்டேன். கூட வைத்திருக்கிறேன் பார். "என் அக்கா ரோஸின் விவாகத்துக்கு எனக்கு எந்தத் தடையும் இல்லை. அன்று எழுந்து நின்றது என் தவறு." கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அம்மா சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஆனால் குருவானவரிடம் கொடுக்கவில்லை. உனக்கு அனுப்புகிறேன். கொடுக்க வேண்டும் என்றால் நீ கொடு. வேண்டாம் என்றால் கிழித்துப் போடு. நான் இதில் இனி தலையிடமாட்டேன். ஒரு தடவை தலையிட்டதே போதும். தபாலில் போட்டால் நாள் ஆகிவிடும் என்பதால், துறைமுகத்துக்கு உப்பு லாரியோடு போகிற நம் தெரு அண்ணாச்சியிடம் கொடுத்துவிடுகிறேன்.

சாரின் கேள்விக்கு ஒரு பதில் தோன்றியிருக்கிறது. சொல்லவே பயமாக இருக்கிறது. நான் உனக்காக எழுந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று உன் அலமாரியைத் திறந்தேன். கல்யாணத்துக்கு அம்மா எல்லாவற்றையும் பெட்டியில் கட்டிவிட்டாள், அலமாரி காலி. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். நீ தூத்துக்குடியில் இருந்தாலாவது வெள்ளிக்கிழமை வருகிறாய். காண்ட்லா போனால் வருஷத்துக்கு ஒரு தடவை. அப்பாவும் அம்மாவும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசிக்கொள்ளாத இந்த வீட்டில் நான் யாரிடம் பேசுவேன்? இதுதான் தடையா, நீ என்னைவிட்டுப் போகக் கூடாது என்பதா? அப்படியென்றால் நான் எவ்வளவு பெரிய சுயநலக்காரி. என் ஏக்கத்துக்கு உன் கல்யாணத்தைக் கெடுத்திருக்கிறேன். மார்க்குக்காகச் செய்திருந்தால்கூட இதைவிடக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

என்னை நம்பாதே அக்கா. நானே என்னை நம்பவில்லை. நீ உன்னைக் கேட்டுக்கொள்.

இன்பா

சாயர்புரம்
2 பிப்ரவரி, ஞாயிறு

அக்கா,

இன்றைக்குக் குருவானவர் ஓலை வாசிக்கவில்லை. அறிவிப்பு எல்லாம் சொன்னார், வாலிபர் கூடுகை, பெண்கள் ஐக்கிய சங்கம், எல்லாம். உன் பெயர் வரவில்லை. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

சர்ச் விட்டதும் அப்பாவுக்கு உன் போன் வந்தது. பேசிவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா கேட்டால், "அவளே எழுதுவாளாம்" என்று மட்டும் சொன்னாராம். என்ன ஆயிற்று? கடிதம் கிடைக்கவில்லையா? கிழித்துவிட்டாயா? உப்பு லாரி அண்ணாச்சி மறந்துவிட்டாரா? சீக்கிரம் எழுது.

இன்பா

தூத்துக்குடி
4 பிப்ரவரி, செவ்வாய்

அன்புள்ள இன்பா,

உப்பு லாரி அண்ணாச்சி மறக்கவில்லை. வெள்ளிக்கிழமையே கொண்டுவந்து கொடுத்தார். கவர் பூராவும் உப்பு.

சனிக்கிழமை சாயர்புரம் வந்தேன். வீட்டுக்கு வரவில்லை, கோபித்துக்கொள்ளாதே. உன்னைப் பார்த்தால் நீ ஏதாவது சொல்வாய், நான் அதைப் பிடித்துக்கொள்வேன். நேராகக் குருவானவர் வீட்டுக்குப் போனேன். உன் கடிதம் கைப்பையில் இருந்தது. கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கத்தான் போனேன். அம்மா சாட்சி போட்ட கையெழுத்துவரை எல்லாம் சரியாக இருந்தது. அவர் கை நீட்டினார். நான் கைப்பையைத் திறக்கவில்லை.

"அன்னைக்குச் சொன்ன தடை என்னோடது ஐயா" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "எந்திரிச்சது ஒன் தங்கச்சில்லாம்மா?" என்றார்.

"ஆமா ஐயா."

"ஒன் தடைன்னா அவ ஏன் எந்திரிச்சா?"

"நான் எந்திரிக்கலன்னு எந்திரிச்சா ஐயா."

அவர் உள்ளே திரும்பி டீ போடச் சொன்னார். என்ன தடை என்று கேட்டார், சொன்னேன். வேலையை விடமாட்டேன், காண்ட்லாவுக்குப் போக நான் சம்மதிக்கவில்லை, என்னைக் கேட்காமல் சம்மதம் சொல்லிவிட்டார்கள். இவ்வளவுதான். இது நியாயமான தடைதானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. "பொண்ணுக்குச் சம்மதம் இல்லங்கிறத விடப் பெரிய தடை எது?" என்றார் அவர். இத்தனை வருஷம் அந்த சபையில் உட்கார்ந்திருக்கிறேன், இது எனக்குத் தெரியவில்லை.

ஷாமுக்கு நானே போன் பண்ணினேன். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டுமா என்று எனக்கு இன்னும் தெரியாது, வேலை வேண்டும் என்பது தெரியும் என்றேன். இனி எதைக் கேட்பதானாலும் என்னிடம் கேளுங்கள், அப்பாவிடம் கேட்காதீர்கள் என்றேன். கோபம் வந்தது அவருக்கு, அது நியாயம்தான். கடைசியில், "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று வைத்தார். அவர் இதுவரை யோசித்தே இருக்கமாட்டார் போல. அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். "சரி" என்று ஒரு வார்த்தை. எந்தச் சரி என்று எனக்குத் தெரியவில்லை. நீ அவருக்குச் சாப்பாடு எடுத்துவைத்துப் பக்கத்தில் இரு. பத்திரிகை கொடுத்த வீடெல்லாம் ஏறி இறங்கப் போகிறவர் அவர்தான்.

நாளைக்கு ஐந்தாம் தேதி. வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்ததைப் பெரிய சாரிடம் சொல்லி வாபஸ் வாங்கிவிட்டேன். இரண்டாம் தொட்டியில் குஞ்சுகள் எல்லாம் ஒட்டிவிட்டன.

துப்பட்டாவுக்கு வருகிறேன். நான் இழுக்கவில்லை. உன்னோடு சண்டை போடும்போது அதை ஒத்துக்கொண்டால் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று பொய் எழுதினேன். நீ எழுந்தவுடன் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, கை தானாகப் போய்ப் பிடித்தது. நீ வாயைத் திறந்தாய் பார், அப்போது, ஐயோ இவள் உட்கார்ந்துவிடப் போகிறாளே என்று பதறிப்போய் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். இது எனக்கு அந்த நிமிஷமே தெரியும். உன்மேல் அத்தனை கோபம் வந்தது அதனால்தான். நீ சுயநலத்துக்காக எழுந்தாயோ மார்க்குக்காக எழுந்தாயோ, இருந்துவிட்டுப் போகட்டும்.

உன் சாரிடம் போய்ச் சொல். முட்டை மார்க் சரிதான், அக்காவும் ஒத்துக்கொள்கிறாள் என்று. நீ எங்கே நாடகம் போட்டாய்? அத்தனை பேர் இருந்த சர்ச்சில் நடிக்காதவள் நீ ஒருத்திதான்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வருகிறேன். கிழிந்த துப்பட்டாவுக்கு வேறொன்று எடுக்க வேண்டும், என்னோடு கடைக்கு வா. கலரை நான்தான் சொல்லுவேன்.

அக்கா
ரோஸ்